ஏரி நடுவில் நின்ற புள்ளி

அன்பு மகள் சுகன்யாவுக்கு,

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் பேசினால் உன் அம்மா பக்கத்தில் வந்து நின்று, நான் பாதி சொல்வதற்குள் மீதியை அவள் சொல்லிவிடுவாள். வாட்ஸ்அப்பில் எழுதினால் அது எங்கே போய் எங்கே தங்குகிறது என்று எனக்குத் தெரியாது. ஊருக்காகக் கலெக்டர் ஆபீசுக்கு எத்தனையோ மனு எழுதிய கை இது. தாளும் பேனாவும் இருந்தால்தான் அதற்குப் பேச்சு வரும். தபாலையும் நான் முழுசாக நம்புகிறவன் இல்லை. அதனால் கவரை நன்றாக ஒட்டி, நாளைக்கு நெல்லூர் வரும் உன் மாமாவிடம் கொடுத்தனுப்புகிறேன். ஒட்டிய இடம் பிரிந்திருந்தால் எனக்குச் சொல்.

போன வாரம் நீ கேட்டாய்: "தினேஷ் கப்பல்லேருந்து லீவுல வந்திருக்காரு நைனா. ஒரு தடவ பாத்துப் பேசணும்னு சொல்றாரு. இன்னா செய்யட்டும்?" உனக்கு நிச்சயம் பண்ணி, பிறகு நாமே முறித்துக்கொண்ட மாப்பிள்ளை. நான் ஒன்றும் சொல்லாமல் போனை உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். பதில் இல்லாமல் கொடுக்கவில்லை. அதைச் சொல்ல வேண்டுமானால், அன்றைக்கு ஏரியில் எனக்கு வந்த போனில் நடந்த பேச்சை முழுதாகச் சொல்ல வேண்டும். அதில் பாதியைத்தான் உன்னிடம் சொன்னேன். மீதியைச் சொல்லாததற்குக் காரணம் இருந்தது. அந்தக் காரணம் சரியா என்று இப்போது எனக்கே சந்தேகம்.

என்னைச் சந்தேகப் பிராணி என்று நீயும் உன் அம்மாவும் சொல்வீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள். நண்டு யாவாரியின் தராசை ஒரு தடவை கையால் தூக்கிப் பார்க்காமல் நான் கூடையை வைத்ததில்லை. நீ பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது மூன்று கால் வைத்த மெஷினோடு நாலு பேர் நம் கரைக்கு வந்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? "சும்மா அளக்கத்தான் வந்தோம், பெரியவரே" என்றார்கள். ஊரே அவர்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தது. அடுத்த மழைக்காலம் வருவதற்குள், நாம் வலை உலர்த்திக்கொண்டிருந்த மேட்டில் ஒரு போர்டு நட்டிருந்தார்கள், உள்ளே வராதே என்று. சும்மா பார்க்கிறேன், சும்மா அளக்கிறேன் என்று யார் வந்து சொன்னாலும் அன்றிலிருந்து நான் இளநீர் வெட்டுவதில்லை. எதிர்க்கரையிலிருந்து ராக்கெட் கிளம்புவதைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறவன் நான். மேலே போய் அது எதைப் பார்க்கிறது என்று யாரும் நம் தோணிரேவுக்கு வந்து சொன்னதில்லை. கிளம்புகிற நாளில் மட்டும் கடலுக்குப் போகாதே என்று சொல்வார்கள்.

நீ எறால் தீவனக் கம்பெனி வேலையில் சேர்ந்து பைக் வாங்கியபோதுகூட எனக்குச் சந்தேகம் வண்டியின் மேல்தான், உன் மேல் இல்லை. பழைய வண்டி, விற்றவன் அதிகமாகச் சிரித்தான். ஆனால் நீ அதை ஓட்டிய அழகைப் பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டேன். பண்ணை பண்ணையாகப் போய்க் குட்டைத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து, எறாலின் குடலைப் பார்த்து, வியாதியா இல்லையா என்று நீ சொல்லும்போது, மீசை நரைத்த பண்ணைக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு கேட்பார்களாம். அந்த வேலையில்தான் சுண்ணாம்புகுளம் தாண்டி, மணல் படிந்த வளைவில் வண்டி சறுக்கிக் கால் அடியில் மாட்டிக்கொண்டு கிடந்தாய். போன் பறந்து போய் வேலிக்காத்தான் முள்ளுக்குள் விழுந்து, மணி அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. அடித்தது நான்தான். ஆடு மேய்க்கும் ஒருவர் அந்தச் சத்தத்தைக் கேட்டு வந்ததால் உன்னைத் தூக்கினார்கள். அதற்குப் பிறகு தினமும் நீ வீடு வந்து சேரும்வரை எனக்கும் உன் அம்மாவுக்கும் சோறு இறங்காது.

அதனால்தான் தினேஷ் அந்த டிராக்கரைக் கொண்டுவந்து கொடுத்தபோது உன் அம்மா கும்பிடாத குறை. நிச்சயதார்த்தம் முடிந்து, அவன் கப்பலுக்குத் திரும்புவதற்கு முந்தின நாள் அது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது, கறுப்பாக, நடுவில் ஒரு சிவப்புப் பட்டன். ஜாக்கெட்டில் மாட்டிக்கொண்டால் போதும், சாட்டிலைட் பார்த்து இடத்தைச் சொல்லிவிடும், விழுந்தால் பட்டனை அழுத்து, எங்களுக்கு மெசேஜ் வரும் என்றான். நான் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"இன்னா மாமா அப்படிப் பாக்கறீங்க? கடலுக்குப் போற போட்டுல வெக்கறதில்லியா, அது மாதிரிதான்" என்றான்.

"போட்டுல வெக்கற கருவிய எப்ப அணைக்கணும்னு போட்டுக்காரனுக்குத் தெரியும்பா. இதுல அணைக்கிற பட்டன் எங்க?"

அவன் சிரித்தான். "அணைச்சிட்டா அப்புறம் இன்னாத்துக்கு மாமா?"

உன் அம்மா என்னை உள்ளே கூப்பிட்டுப் பல்லைக் கடித்தாள். "பொண்ணு ரோட்டுல கெடந்தப்போ உன் சந்தேகம் போயித் தூக்குச்சா? பாசமா வாங்கியாந்திருக்கான், மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு நிக்கறியே" என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. நீயும் அதை ஆசையாகத்தான் மாட்டிக்கொண்டு போனாய்.

பிறகு ஒரு நாள் பொன்னேரியில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தேன். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன் தினேஷின் அண்ணன் முரளி. தம்பிக்கும் அவனுக்கும் பத்து வயது வித்தியாசம். அப்பா இல்லாத வீட்டில் எல்லாமே அவன்தான். சாப்பிட்டுக்கொண்டே, "சுகன்யாவுக்கு டீன்னா ரொம்ப இஷ்டம் போல மாமா. ஆரம்பாக்கம் டீக்கடையில ரொம்ப நேரம் நிக்குதே" என்றான். சாதாரணமாகத்தான் சொன்னான். டிராக்கர் காட்டுவதைக் கப்பலில் இருக்கும் மாப்பிள்ளை மட்டும் பார்ப்பான் என்றுதான் நினைத்திருந்தோம். இவனுக்கு எப்படித் தெரியும்? யாராவது பார்த்துச் சொல்லியிருக்கலாம் என்று ஒரு மனம் சொன்னது. இல்லை என்று இன்னொரு மனம் சொன்னது. உன்னிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் நீ தினேஷிடம் கேட்பாய், அவன் ஒரு நல்ல பதில் தயார் பண்ணிச் சொல்வான். மீன் இருக்கிறதா என்று தண்ணீரிடம் கேட்க முடியாது, வலையைப் போட்டுத்தான் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஒரு புத்தி வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு வீட்டில் இருந்தாய். ஆணியில் தொங்கிய உன் ஜாக்கெட்டிலிருந்து டிராக்கரைக் கழற்றி, என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு படகை எடுத்தேன். உன்னிடம் சொல்லாமல் எடுத்ததற்கு நீ அப்புறம் என்னிடம் சண்டை போட்டாய். அந்தச் சண்டை நியாயம். முகத்துவாரம் பக்கமாகக் கோல் ஊன்றிப் போய், நண்டு வலை போட்டிருந்த இடத்தில் படகை நிறுத்தினேன். நம் தெரு ஏழுமலையும் அங்கேதான் இருந்தான். தன் படகை என் படகை ஒட்டிக் கொண்டுவந்து, அவன் மருமகள் வைத்த குழம்பைப் பற்றி ஏதோ கதை சொன்னான். இரண்டு பேரும் சிரித்தோம். அவன் போன பிறகு நான் வலையை இழுத்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. முரளி.

"மாமா, சுகன்யா எங்க?"

"வூட்லதான். ஏம்பா?"

"வூட்லியா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"இன்னா பாக்கறது? தலைக்குக் குளிக்கப் போவுது."

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு, பெரிய மனிதனுக்குப் புத்தி சொல்வது போலச் சொன்னான்: "மாமா, உங்களுக்குத் தெரியாம நடக்குது. அது ஏரி நடுவுல இருக்குது. யாரோட போயிருக்குதுன்னு கேளுங்க."

உன்னிடம் நான் சொல்லாமல் விட்டது இதைத்தான், சுகன்யா. ஏரி நடுவில் புள்ளி நின்றதைப் பார்த்தவன் முதலில் என்ன கேட்டிருக்க வேண்டும்? படகு கவிழ்ந்ததா, நீச்சல் தெரியுமா, யாராவது கிட்டே இருக்கிறார்களா என்று கேட்டிருக்க வேண்டும். ஏற்கெனவே ஒரு தடவை ரோட்டில் விழுந்த பெண். அவன் வாயில் முதலில் வந்தது 'யாரோட'.

எனக்குக் கோபம் வரவில்லை, அப்போது. "யாரோடன்னு ஏம்பா கேக்கற?" என்றேன்.

"ரெண்டு ஆம்பளக் கொரல் கேட்டுது மாமா. சிரிச்சிக்கினு இருந்தாங்க."

"உனக்கு எப்படிப்பா கேட்டுது?"

வலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் எனக்குக் கேட்டது, அவனுக்கும் கேட்டிருக்கும். பிறகுதான் வாயைத் திறந்தான். அந்தக் கருவிக்குள் ஒரு சிம் இருக்கிறதாம். அந்த நம்பருக்கு அடித்தால் மணி அடிக்காமலே எடுத்துக்கொள்ளுமாம். சுற்றிலும் பேசுவது அந்தப் பக்கம் கேட்குமாம். "சேப்டிக்குத்தான் மாமா. எதனா ஒண்ணுன்னா தெரியணும் இல்ல" என்றான். "அந்த ரெண்டு ஆம்பளைல ஒருத்தன் நான்தாம்பா" என்று சொல்லி வைத்துவிட்டேன். டிராக்கரை ஏரியில் வீசத்தான் கை போனது. வீசினால் நாளைக்கு நான் சொல்வதற்குச் சாட்சி இருக்காது. நண்டுக் கூடையில் ஈரச் சாக்குக்கு அடியில் சொருகி வைத்தேன். நண்டு பிறாண்டுவதை உட்கார்ந்து கேட்கட்டும் என்று.

வீட்டுக்கு வந்து உன்னிடம், அதில் மைக் இருக்கிறது, முரளி கேட்கிறான் என்று மட்டும் சொன்னேன். அவன் கேட்ட கேள்வியைச் சொல்லவில்லை. இரண்டு ஆம்பளைக் குரல் என்ற வார்த்தை என் வாயிலிருந்து வெளியே வந்தால், நம் தெரு தாண்டுவதற்குள் அதற்குக் கை கால் முளைக்கும் என்று பயந்தேன். என் குரல்தான் அது என்ற பகுதி உதிர்ந்துபோய், மீதி மட்டும் ஊர் சுற்றும். ஊரை எனக்குத் தெரியும். உன்னையே நம்பாதவன் போல உன்னிடமும் மறைத்துவிட்டேன்.

நீ அழவில்லை. தலையில் எண்ணெயோடே தினேஷுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாய். "நைனா, அம்மா, நீங்களும் கேளுங்க. ஒளிச்சிக் கேக்கறதுக்கு இது ஒண்ணும் டிராக்கர் இல்ல" என்றாய். அவன் கப்பல் ஏதோ துறைமுகத்தில் நின்றிருந்தது. குரல் தெளிவாக வந்தது.

"மைக் இருக்கறது உனக்குத் தெரியுமா?"

"தெரியும். அண்ணன்தான் அந்த மாதிரி மாடல் வாங்குனாரு. எனக்கு இங்க நெட் கெடைக்காதே சுகன்யா, அதான் அவரப் பாத்துக்கச் சொன்னேன்."

"நீ கேட்டியா?"

"அண்ணன் ரெக்கார்டு பண்ணி ரெண்டு மூணு அனுப்புனாரு." அடுத்ததைச் சொன்னால் உனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தான் போல, "ஒரு நாளு எறா பண்ணை மேட்டு மேல உக்காந்து தனியாப் பாடிக்கினு இருந்த. அத அடிக்கடி கேப்பேன். ரொம்ப நல்லா இருந்துது" என்றான்.

"அது நான் எனக்குப் பாடுனது" என்று சொல்லிக் கட் பண்ணினாய். கல்யாணம் அந்த இடத்தில் நின்றுவிட்டது. மற்றதெல்லாம் பெரியவர்கள் வந்து உட்கார்ந்து எழுந்துபோன சம்பிரதாயம். பொண்ணு மேல தப்பில்லன்னா கேட்டா இன்னா என்று அவர்கள் பக்கத்தில் ஒருவர் கேட்டார். இந்தச் சம்பந்தத்துக்காகக் கோயில் கோயிலாக வேண்டிக்கொண்ட உன் அம்மாதான் அவருக்குப் பதில் சொன்னாள். "ஒட்டுக் கேக்கற வூட்டுல எம்பொண்ணு எந்த ரூமுல உக்காந்து பேசும்?" என்று கேட்டுவிட்டு, நிச்சயத்துக்கு அவர்கள் கொடுத்த புடவையைத் தட்டில் வைத்து நகர்த்தினாள். நான் அன்றைக்கு அவளைப் பார்த்த மாதிரி அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். தினேஷும் முரளியும் ஒன்றா? எனக்குத் தெரியாது. கேட்டவுடன் மறைக்காமல் சொன்னான். அது அவன் பக்கம் நிற்கிற நியாயம். ஒட்டுக் கேட்டது தப்பு என்றே தெரியாமல் சொன்னான். அது எனக்குப் பயம். போய்ப் பார்ப்பதும் பார்க்காததும் உன் இஷ்டம். போனால், அந்த ரெக்கார்டுகளை அழித்தாயா என்று கேள். அவன் சொல்கிற பதிலைவிட, பதில் சொல்வதற்கு முன்னால் யாரை நினைத்துத் தயங்குகிறான் என்று பார். அண்ணன் கேட்ட கேள்வியையும் அவனிடம் சொல். 'யாரோட' என்று கேட்டதில் என்ன தப்பு என்று அவன் உன்னையே திருப்பிக் கேட்டால், டீயைக்கூட முழுசாகக் குடிக்காமல் எழுந்து வந்துவிடு.

இவ்வளவும் எழுதிவிட்டு, எழுதக் கூச்சமாக இருக்கிற ஒன்றையும் எழுதுகிறேன். நெல்லூர் பக்கம் மாற்றல் வந்து நீ கிளம்பியபோது, உன் சம்பளத்தில் நீயே ஒரு டிராக்கர் வாங்கினாய். மூடியைக் கழற்றி, மைக் இல்லை பார் நைனா என்று காட்டினாய். அணைக்கிற பட்டனைக் காட்டினாய். என் போனில் அந்த ஆப்பைப் போட்டு, "நீ மட்டுந்தான் பாப்ப" என்றாய். எனக்குப் பெருமையாக இருந்தது. முதலில் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை பார்த்தேன். பிறகு வலை போட்டுவிட்டுக் காத்திருக்கும்போதெல்லாம் பார்த்தேன். உன் புள்ளி கூடூரில் நின்றால் அங்கே உனக்கு என்ன வேலை என்று எனக்கு யோசனை வரும். மெதுவாகப் போனால் வண்டி ரிப்பேரா என்று நினைப்பேன். வேகமாகப் போனால் யார் பின்னால் வருகிறார்கள் என்று நினைப்பேன். உன் அம்மா, "அந்தப் போன உள்ள வெச்சிட்டு வலையப் பாரு, நண்டு தப்பிச்சிப் போவுது" என்று திட்டுவாள். வயதாகிற ஆம்பளைக்குப் பயம் வேறு, சந்தேகம் வேறு என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

நேற்று மத்தியானம் உன் புள்ளி காவலியில் ஒரு தெருவில் போய் நின்றது. பண்ணை எதுவும் இல்லாத தெரு. பெரிதாக்கிப் பார்த்தேன், வீடுகள்தான். அரை மணி போனது, நகரவில்லை. விழுந்திருந்தால் சிவப்புப் பட்டன் அழுத்தியிருப்பாய், அதனால் நீ விழவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் மனம் அடங்கவில்லை. தினேஷ் லீவில் வந்திருக்கிறான் என்பது ஞாபகம் வந்தது. உனக்குப் போன் போட்டேன். மணி அடிக்கும்போதே என்ன கேட்க வேண்டும் என்று வாயில் தயாராக இருந்தது. "சொல்லு நைனா" என்றாய். பின்னால் ஒரு குழந்தை சிரிக்கிற சத்தம் கேட்டது. நாக்கு நுனிவரை வந்த வார்த்தையை நானே கேட்டேன், சுகன்யா. அது முரளியின் வார்த்தை. வேறு குரலில், வேறு உரிமையில், அதே வார்த்தை.

"சும்மாதான். சாப்ட்டியா?" என்றேன். "சாப்ட்டேன் நைனா, இன்னா இந்நேரத்துல?" என்றாய். ஒண்ணுமில்லை என்று வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு எனக்குச் சாப்பாடு பிடிக்கவில்லை.

அதனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். அந்த ஆப்பை எப்படி எடுப்பது என்று எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் என் கை எடுக்காது என்று என் மேலேயே எனக்குச் சந்தேகம். நீ அங்கிருந்தே என்னை எடுத்துவிடு. சிவப்புப் பட்டனை அழுத்தினால் மட்டும் எனக்கு வருகிற மாதிரி வைக்க முடியுமென்றால் அப்படி வை. விழுந்தால் நான் வருவேன், எந்த ஊராக இருந்தாலும். விழாத நாளில் நீ எங்கே நிற்கிறாய் என்று வானத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கு உரிமை இல்லை. உனக்குத் தோன்றும்போது போன் பண்ணு. தோன்றாவிட்டால் உன் அம்மா திட்டுவாள், நான் சமாளித்துக்கொள்கிறேன்.

காவலியில் அது யார் வீடு என்று நான் கேட்கவில்லை. இந்தக் கடிதத்திலும் கேட்கவில்லை. நீயாகச் சொன்னால் கேட்டுக்கொள்வேன். சொல்லாவிட்டால், என் பெண் ஒரு வீட்டுக்குள் நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள், அங்கே ஒரு குழந்தை சிரித்தது என்பதோடு விட்டுவிடப் பழகிக்கொள்கிறேன்.

உன் மேல் ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை என்று நினைத்திருந்த,
இனி சந்தேகப்பட வழியும் வேண்டாம் என்று கேட்கிற,
உன் நைனா